பின்வளவுக் கத்தரிக்குப் பசளை போடமுன்

மோர்னிங்சைட் பக்கத்துப் பின்வளவுகளில் யூன் பிறந்தால் கத்தரி, மிளகாய், பயற்றை எல்லாம் நிலத்துக்கு வந்துவிடும். யூலையில் எல்லாருக்கும் ஒரே கவலை: இலை ஏன் மஞ்சளிக்குது? பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு நைதரசன் அணுக்கள் உண்டு. அது குறைந்தால் பச்சையும் குறையும். காற்றில் 78 வீதம் நைதரசன்தான். ஆனால் அதன் அணுக்கள் இரண்டிரண்டாக மும்மைப் பிணைப்பில் இறுகிக் கிடப்பதால் செடிக்கு அது உதவாது. நைத்திரேற்றாகவோ அமோனியமாகவோ தண்ணீரில் கரைந்து வேர்வழி வந்தால்தான் உண்டு.

செய்ய வேண்டியவை

• மஞ்சளிப்பது எந்த இலை என்று பாருங்கள். நைதரசன் போதாவிட்டால் செடி அடியிலையிலிருந்து அதை உருவிக் குருத்துக்குக் கொடுக்கும். அடி பச்சையாய் இருக்கக் குருத்து வெளிறினால், பெரும்பாலும் இரும்புச்சத்துக் கோளாறு.

• பயற்றங்காய் ஆய்ந்து முடிந்தபின் கொடியைப் பிடுங்காமல் அடியோடு வெட்டி, வேரை மண்ணிலேயே விடுங்கள். பயற்றை காய்க்கும் நாளில் ஒரு வேர்முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள்: உள்ளே இளஞ்சிவப்பென்றால் ரைசோபியம் பற்றீரியா காற்று நைதரசனைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதில் பெரும்பங்கு காய்க்கே போய்விடும். மண்ணுக்கு மிஞ்சுவதை வைத்து அடுத்த வருடக் கத்தரியை வளர்த்துவிடலாம் என்று எண்ணவேண்டாம்.

• ஒக்டோபரில் கூட்டி அள்ளும் மேப்பிள் இலை முழுவதையும் பையில் கட்டி வீதியோரம் வைக்காமல், கொஞ்சத்தை மூலையில் குவித்து உக்க விடுங்கள்.

• பசளைப் பையிலுள்ள மூன்று எண்களில் முதலாவதைப் பாருங்கள். அதுதான் நைதரசன் வீதம்.

செய்யக்கூடாதவை

• மே மாதக் குளிர்மண்ணில் கன்று வெளிறியதும் பசளைப் பையைத் தூக்காதீர்கள். மண் சூடாகும்வரை நுண்ணுயிர்கள் மந்தமாகத்தான் வேலைசெய்யும்.

• யூரியாவைச் சிரங்கை சிரங்கையாகப் போடாதீர்கள். அதில் 46 வீதம் நைதரசன். கத்தரி மதமதவென்று வளரும், காய் இராது. பெருமழைக்கு முன்னர் போட்டால் ஹைலண்ட் கிரீக் வழியாக ஒன்ராறியோ ஏரிக்குத்தான் பசளை.

• இரசாயனப் பசளை முழுவதும் நஞ்சு என்று ஒரேயடியாகக் கைவிடவும் வேண்டாம். 2021 ஏப்ரலில் இலங்கை அப்படித்தான் தடைபோட்டது. நெல் விளைச்சல் சரிந்தது, நவம்பரில் தடையைத் தளர்த்தவேண்டியதாயிற்று.

• பச்சை மரத்தூளை மண்ணோடு கிளறாதீர்கள். அதை உக்க வைக்கும் நுண்ணுயிர்களே இருக்கிற நைதரசனையும் எடுத்துவிடும்.

• வீட்டுக்குள் எடுத்துவைத்த கறிவேப்பிலைச் சாடிக்கு டிசம்பர், ஜனவரியில் எதுவும் போடாதீர்கள். வெளிச்சம் போதாமல் வளர்ச்சி நின்றிருக்கும். துளிர் கண்டபின் தொடங்கலாம்.