விதைக்கும் முன்னே கூட்டிப் பாருங்க

"போன வாரம் வெண்டைக்காயை வாங்க ஆளில்லை. இந்த வாரம் கேக்கறாங்க, காய் இல்லை." இயற்கை விவசாயக் குழுக்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. விளைச்சலிலும் குறையில்லை, வாங்குபவரிடமும் குறையில்லை. எல்லோரும் ஒரே சமயத்தில் ஒரே காயை விதைத்ததுதான் சிக்கல்.

தொழிற்சாலைகளில் இதற்குக் கூட்டுத் திட்டமிடல் என்று ஒரு முறை உண்டு. பொருள் பொருளாக எண்ணாமல், வரும் மாதங்களின் மொத்தத் தேவையை ஒரே அளவில் கூட்டிப் பார்த்து, ஆள், உற்பத்தி, இருப்பு மூன்றையும் முடிவு செய்வார்கள். நம் குழுவுக்கும் இது பொருந்தும்.

1. தேவையைக் கூட்டுங்க. 40 குடும்பங்கள், வாரம் 5 கிலோ காய் என்றால் 200 கிலோ. வாடல், சொத்தைக்கும் சேர்த்து 220 கிலோ. எந்தக் காய் எவ்வளவு என்பது அடுத்த கணக்கு. மாத ஏற்ற இறக்கத்தையும் குறிச்சுக்குங்க. புரட்டாசியில் பலர் அசைவத்தை விடுவதால் காய் கூடுதலாகப் போகும். மே விடுமுறையில் நகரத்துக் குடும்பங்கள் ஊருக்குப் போனால் குறையும்.

2. இருப்பு தாங்குமா என்று பிரியுங்க. நெல், சிறுதானியம், உளுந்தை ஒரே அறுவடையில் எடுத்து, நன்றாகக் காயவைத்து மாதாமாதம் கொடுக்கலாம். ஆனால் அதுவரை பணம் முடங்கும். அதையும் கணக்கில் எழுதணும். கீரை, வெண்டைக்கு இருப்பு கிடையாது. அங்கே விதைப்பைத்தான் அடுக்கணும்.

3. பறிப்பு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்க. வெண்டை சுமார் 45 நாளில் பறிப்புக்கு வரும். புரட்டாசி முதல் தேதிக்குக் காய் வேண்டுமென்றால் ஆடி 18-ஐ ஒட்டி ஊன்றணும். சிறுகீரைக்கு 25 நாள் போதும்; ஆவணி முதல் வாரம் விதைக்கலாம். ஒரே பறிப்பில் முடிகிற கீரையை வாரம் ஒரு பாத்தியாகப் போடுங்க. பல வாரம் காய்க்கும் வெண்டையை, முதல் ஈடு போட்டு மூன்று வாரம் கழித்து அடுத்தவர் ஊன்றலாம்.

4. மழை மாதத்துக்கு முன்கூட்டியே வழி பாருங்க. ஐப்பசி, கார்த்திகையில் கீரை அழுகும். ஆனியில் பரங்கி ஊன்றினால் புரட்டாசியில் முற்றிவிடும். காம்போடு அறுத்து வைத்தால் மழை மாதம் முழுக்கக் கைகொடுக்கும்.

கடைசியாக, யாருக்கு எந்த ஈடு என்பதைக் கூட்டத்தில் பேசி எழுதி வைக்கணும். கிணற்றில் நீர் உள்ளவருக்கே எப்போதும் நல்ல வாரம் போனால், மானாவாரிக்காரர் குழுவை விட்டுப் போயிடுவார். தானியம், பரங்கி போன்ற இருப்புப் பொருட்களில் அவருக்கு முதல் பங்கு கொடுங்க. ஒரு பட்டம் முடிந்ததும் போட்ட கணக்கையும் வந்த காயையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்க. அடுத்த பட்டத்துக்கான கணக்கு அதிலேயே இருக்கும்.