மெய்நிகர் ஆய்வகத்தில் சூடேறாத மின்தடை

தொழிற்கல்விப் பிரிவில் மின்சுற்றுகளைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு, கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் உருவகங்கள் நல்ல துணை. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய திட்டம் அது. நம் பாடநூல்களின் இணையச் செயல்பாடுகள் வழியாகவும் பலர் அதை அறிந்திருப்பர்.

அம்மீட்டரைத் தொடர் இணைப்பில்தான் சேர்க்க வேண்டும் என்று எத்தனை முறை சொன்னாலும், முதல் செய்முறையில் யாரேனும் ஒருவர் அதை மின்கலத்தின் இரு முனைகளுக்கும் குறுக்கே வைத்துவிடுவார். உண்மை ஆய்வகத்தில் மல்டிமீட்டரின் பியூஸ் போய்விடும். பிறகு மீட்டரே பழுது என்று அலமாரியில் கிடக்கும். திரையிலோ மின்கலத்தில் தீச்சுடர் எழும், அவ்வளவுதான். எனவே அந்தத் தவற்றைச் செய்யச் சொல்லியே பார்க்கலாம். ஏன் தீ எழுந்தது என்று கேட்டால், அம்மீட்டரின் மின்தடை மிகக் குறைவு என்ற விடைக்கு மாணவர்களே வந்துசேர்வார்கள்.

ஆனால் உருவகம் காட்டாத ஒன்றும் உண்டு. 9 வோல்ட் மின்கலத்துடன் 10 ஓம் மின்தடையை இணைத்தால் திரையில் 0.90 ஆம்பியர் வரும். ஓம் விதி சரியாகிவிட்டது என்று மாணவர் அடுத்த கணக்குக்குப் போய்விடுவார். அதன் திறன் 9 × 0.9 = 8.1 வாட். நம் ஆய்வகப் பெட்டியில் இருக்கும் சிறிய கார்பன் மின்தடை பெரும்பாலும் கால் வாட் தாங்குவது. மேசையில் இதே சுற்றை அமைத்தால் விரல் சுடும், புகையும் வரலாம். சிறிய 9 வோல்ட் மின்கலமும் அவ்வளவு மின்னோட்டம் தர இயலாமல் மின்னழுத்தம் சரியும். நாளை வயரிங்கும் மோட்டார் பழுதும் பார்க்கப்போகும் மாணவருக்கு ஓம் மதிப்பைவிட வாட் மதிப்பே முக்கியம் என்பேன்.

ஆகவே திரையிலிருந்து மேசைக்குப் போகும் முன், ஒவ்வொரு சுற்றுக்கும் எது தாங்கும், எது எரியும் என்று எழுதி வாங்குங்கள். 100 ஓம் பாதுகாப்பானது என்றே பலர் எழுதுவர், அதுவும் 0.81 வாட். எந்த மதிப்பிலிருந்து தாங்கும் என்று கேட்டால் கணக்கில் 324 ஓம் வரும். கடையில் கிடைக்கும் 330 ஓம் போதுமா? எல்லையிலேயே ஓடவிடலாமா? இந்த விவாதத்துக்குப் பாதிப் பாடவேளை போனாலும் போகட்டும். மேசையில் 1000 ஓமையே கொடுங்கள், 0.081 வாட்தான்.

செய்முறைப் பதிவேட்டின் அட்டவணையில் வோல்ட், ஆம்பியர், ஓம் ஆகியவற்றுக்கு அடுத்து வாட்டுக்கும் ஒரு கட்டம் சேர்த்துக்கொள்ளலாம்.