மூன்றில் ஒரு பங்கு

அரசின் மானியத்தைப் பெற விரும்பும் ஊர், முதலில் தன் பங்கைத் திரட்டுதல் வேண்டும். 1952-ல் தொடங்கிய சமூக வளர்ச்சித் திட்டம் மக்களின் பங்கை வேண்டியது. 1997-98-ல் தோன்றி, 2021-22-ல் புத்துயிர் பெற்ற ‘நமக்கு நாமே’ திட்டமும் அவ்வழியினதே.

தாம்பரத்தை அடுத்த பரங்கிமலை ஒன்றியத்துச் சிற்றூர் ஒன்று பள்ளிக்கு வகுப்பறை கட்ட விரும்புவதாகக் கொள்வோம். மதிப்பீடு 9 லட்சம் ரூபாய். மூன்றில் ஒரு பங்காகிய 3 லட்சத்தை மக்கள் செலுத்தினால், எஞ்சிய 6 லட்சத்தை அரசு அளிக்கும். ஆதிதிராவிடர் குடியிருப்புகளுக்கு ஐந்தில் ஒரு பங்கே போதும்.

3 லட்சம் ஈயும் செல்வர் எல்லா ஊரிலும் இரார். ஆயினும், 300 குடும்பங்கள் ஆயிரம் ரூபாய் வீதம் அளித்தால் அத்தொகை சேர்ந்துவிடும். மகளிர் குழுக்களும் இளைஞர் மன்றங்களும் இப்பணியில் முன்னிற்கலாம். ஆகவே, ஊருக்கு வேண்டும் பணியைக் கிராம சபையில் முடிவு செய்து, பங்குத் தொகையைத் திரட்டி, மாவட்ட ஆட்சியருக்கு விண்ணப்பிப்பீர்களாக!