உலோகமும் மருந்தும்

உலோகங்கள் அணிகலனாகவும் கருவியாகவும் பயன்படுதலை யாவரும் அறிவோம். அவை மருந்தாதலும் நமக்குப் புதிதன்று. பற்பம், செந்தூரம் என நம் சித்த மருத்துவம் அவற்றை நெடுங்காலமாகக் கையாண்டு வருகிறது. எனினும், ஓர் உலோகச் சேர்மம் உடலினுள் எவ்வாறு செயற்படுகிறது என்பதை அணு அளவில் ஆராய்ந்து தெளிவது இக்கால வேதியியலின் பணியாகும். அதற்குச் சான்றாகச் சிஸ்பிளாட்டின் என்னும் பிளாட்டினச் சேர்மத்தை ஈண்டு நோக்குவோம்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க் என்பார், உயிரணுப் பிளவின்மீது மின்புலம் விளைவிக்கும் மாற்றத்தை ஆராய்ந்தார். பாக்டீரியாக்கள் பிளவுறாமல் நீண்ட இழைகளாய் வளர்ந்தன. இதற்குக் காரணம் மின்புலமன்று; பிளாட்டின மின்முனைகளிலிருந்து கரைந்து உருவான சேர்மங்களே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இம்முடிவு 1965-இல் வெளியாயிற்று. உயிரணுப் பிளவைத் தடுப்பது புற்றுநோயையும் தடுக்குமன்றோ என்னும் வினா அங்கே பிறந்தது. வியப்பு யாதெனில், சிஸ்பிளாட்டினை 1844-இலேயே இத்தாலிய வேதியியலார் பெய்ரோனே ஆக்கியிருந்தார். அதன் மருத்துவப் பயனை அன்று எவரும் அறிந்திலர்.

இச்சேர்மத்தின் நடுவே ஒரு பிளாட்டினம் அணு உள்ளது. அதனோடு இரண்டு அம்மோனியாவும் இரண்டு குளோரினும் ஒரே தளத்தில் இணைந்துள்ளன. குளோரின்கள் இரண்டும் அடுத்தடுத்து அமைந்தால் அது சிஸ்பிளாட்டின். எதிரெதிரே அமைந்தால் அம்மருத்துவப் பயன் இல்லை. குருதியில் குளோரைடு மிகுதி. ஆதலின் சேர்மம் அங்குக் குலையாதிருக்கும். உயிரணுவினுள் குளோரைடு குறைவு. ஆங்கே குளோரின் விலக, நீர் அவ்விடத்தைப் பற்றும். பின்னர்ப் பிளாட்டினம் டி.என்.ஏ. இழையைப் பிணித்து வளைக்கும். படியெடுக்க இயலாமல் உயிரணு மடியும்.

1978-இல் அமெரிக்கா இம்மருந்துக்கு ஒப்புதல் வழங்கியது. விரைப் புற்றுநோயாளர் பலர் இதனால் உயிர் பெற்றனர். ஆயினும், இது சிறுநீரகத்தையும் நரம்பையும் செவிப்புலனையும் தாக்கவல்லது. அதனால், குளோரினுக்கு ஈடாக மெல்ல விலகும் வேறொரு தொகுதியை இணைத்துக் கார்போபிளாட்டினை உருவாக்கினர். சிறுநீரகத் தீங்கு குறைந்தது. எனினும் குருதியணுக்கள் குறையும் இடர் எஞ்சியது.

இவற்றால் நாம் அறிவது யாது? உலோகம் தன்னளவில் மருந்துமன்று, நஞ்சுமன்று. அணுக்களின் அமைப்பும், உட்கொள்ளும் அளவும், முறையான சோதனையுமே அதனை மருந்தாக்குகின்றன. பழமையானது என்பதாலோ புதுமையானது என்பதாலோ சோதிக்கப்படாத உலோக மருந்தை உண்பது தகாது. எதிர்பாராத விளைவைப் பிழையெனத் தள்ளாது, ஏன் எனக் கேட்கும் மனமே மாணவர்க்கு வேண்டுவதாகும்.