பல்பை ஒளித்தவர்கள்

அன்புள்ள நண்பருக்கு,

1950, 60களில் ஐரோப்பாவில் செய்த விளக்குகளின் படங்களைப் பார்த்துவிட்டு, "இப்படி அடுக்கியும் வளைத்தும் வைத்திருப்பதெல்லாம் வெறும் பகட்டுதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். அவற்றில் பகட்டும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பேர் நிலைத்த விளக்குகளை உற்றுப் பார்த்தால், ஒவ்வொரு வளைவும் ஒரு தொந்தரவைத் தீர்க்கப் பிறந்தது என்பது புரியும்.

டென்மார்க்கின் வடிவமைப்பாளர் போல் ஹென்னிங்சனை எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் வந்து வெளிச்சம் கூடியது. கூடவே கண் கூச்சமும் வந்தது. பல்பு கண்ணில் படக்கூடாது, வெளிச்சமும் வீணாகக்கூடாது என்று 1920களிலிருந்தே அவர் மல்லுக்கட்டினார். 1958இல் வந்த 'பிஎச் 5' தொங்குவிளக்கு அந்த உழைப்பின் பலன். குறுக்களவு 50 செ.மீ.; பெயரில் உள்ள 5 அதைத்தான் குறிக்கிறது. ஒன்றின்கீழ் ஒன்றாக உலோகத் தகடுகள். சாப்பாட்டு மேசையில் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் பல்பு தெரியாது. தகட்டில் பட்டுத் திரும்பிய வெளிச்சம்தான் தட்டில் விழும். உள்ளே சிவப்பும் நீலமும் பூசியிருப்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சீராக்க. பல்பு கம்பெனிகள் அடிக்கடி வடிவத்தை மாற்றியதில் சலித்துப்போனவர், எந்தப் பல்பை மாட்டினாலும் கூசாதபடி இதை அமைத்தார்.

இத்தாலியில் வடிவமைப்பாளர்களான காஸ்டிலியோனி சகோதரர்களுக்கு வேறு சிக்கல். மேசைக்கு நேர்மேலே வெளிச்சம் வேண்டும், ஆனால் கூரையில் ஓட்டை போடக்கூடாது. தெருவிளக்குக் கம்பத்தைப் பார்த்து யோசனை பிறந்தது. 1962இல் ஃப்ளோஸ் நிறுவனத்துக்காக அவர்கள் உருவாக்கிய 'ஆர்கோ', சுவரோரம் நின்றபடி எஃகு வில்லாக வளைந்து மேசைக்கு மேல் வந்து தொங்கும். நாற்காலிக்குப் பின்னால் ஒருவர் சாப்பாட்டுத் தட்டோடு நடந்துபோகவும் இடமிருக்கும். அத்தனை நீள வளைவு சாயாமலிருக்க அடியில் சுமார் 65 கிலோ கராரா பளிங்குக் கல். இடித்துக்கொண்டால் காயம் படாமலிருக்க அதன் விளிம்புகளை மழுக்கியிருக்கிறார்கள். கல்லின் நடுவே ஒரு துளை. அலங்காரம் என்றுதான் பலரும் நினைப்பார்கள். அதில் துடைப்பக் கட்டையை நுழைத்து ஆளுக்கொரு முனையைப் பிடித்தால், இரண்டு பேர் விளக்கைத் தூக்கி இடம் மாற்றலாம்!

இன்று கடைகளில் கிடைக்கும் நகல்கள் பலவும் படத்தைப் பார்த்துச் செய்தவை. வெளிவடிவம் அப்படியே இருக்கும். கல்லின் எடை குறைந்திருக்கும், தகட்டின் கோணம் தப்பியிருக்கும். அப்போது நீங்கள் சொல்வதுபோல அது வெறும் பகட்டுதான்.

விளக்கு வாங்கப் போனால் நின்றபடி பார்த்துவிட்டு வராதீர்கள். ஏற்றச் சொல்லி, அதன்கீழ் நாற்காலி போட்டு உட்காருங்கள். பல்பு கண்ணைக் குத்தினால், எந்தப் பெரிய பெயர் ஒட்டியிருந்தாலும் வாங்க வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்