பண்பாட்டுத் தூது

அயல்நாட்டிற்குத் தூதுவரை விடுத்தல் அரசர்க்குத் தொன்றுதொட்டு வந்த வழக்கமாகும். ஆயின், ஒரு நாட்டினர் பிறிதொரு நாட்டினர்பால் கொள்ளும் நன்மதிப்பு உடன்படிக்கைகளால் மட்டும் விளைவதன்று. மொழியும் நூலும் கலையும் அறியப்பெறுவதாலேயே அது வேரூன்றும். இதனை உணர்ந்த அரசாங்கங்கள் சென்ற நூற்றாண்டில் இப்பணிக்கெனத் தனி நிலையங்களைத் தோற்றுவித்தன. 1934-இல் எழுந்த பிரிட்டிஷ் கவுன்சிலும், 1950-இல் மௌலானா ஆசாத் நிறுவிய இந்தியப் பண்பாட்டு உறவுக் கழகமும் அத்தகையன. இந்நிலையங்கள் அயலார் நம்பிக்கையை எங்ஙனம் பெறும் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இதற்கு ஜெர்மனியின் வரலாறு சிறந்த சான்றாகும். 1925-இல் மியூனிக் நகரில் ஜெர்மன் அகாதெமி தோன்றியது. அயலார்க்கு ஜெர்மன் மொழி கற்பித்தல் அதன் பணிகளுள் ஒன்று. 1933-இல் ஹிட்லர் ஆட்சி எய்திய பின்னர், அது நாளடைவில் அவ்வாட்சியின் பிரசாரக் கருவியாயிற்று. இலக்கணம் மாறவில்லை, கவிதைகளும் மாறவில்லை. ஆயினும், ஆசிரியர் குரலில் ஆட்சியாளர் குரல் கலந்தால் கேட்போர் நம்புவரோ? யுத்தம் முடிந்த 1945-இல் நேச நாட்டார் அக்கழகத்தைக் கலைத்தனர்.

1951-இல் அதன் வழித்தோன்றலாகக் கதே நிலையம் எழுந்தது. அது முதற்கண் மேற்கொண்ட பணி, அயல்நாட்டு ஜெர்மன் மொழியாசிரியரைப் பயிற்றுவித்தலே. இழந்த மதிப்பை மீட்க அது நாடியது முழக்கத்தை அன்று, பள்ளியறையையே. பொருளுதவி பெரிதும் அரசாங்கத்தினது; நடத்துவதோ தனிச்சங்கம். வெளிநாட்டமைச்சோடு 1976-இல் செய்துகொண்ட உடன்படிக்கை அதன் தனிநிலையை வரையறுத்தது.

அரசாங்கப் பொருளைப் பெறுவோர் அரசாங்கத்தைப் புகழாமை நன்றி மறத்தலாகாதோ எனின், ஆகாது என்க. புகழ்வதற்கே அமர்த்தப்பட்டான் புகழ்ச்சியை எவர் பொருட்படுத்துவர்? குறையையும் கூறும் உரிமை உடையான் கூறும் நிறையே நம்பப்படும்.

சென்னை முதலிய நம் நகரங்களில் கதே நிலையம் மாக்ஸ் முல்லர் பவன் என வழங்குதல் கருதத்தக்கது. 1823-இல் ஜெர்மனியிற் பிறந்து ஆக்ஸ்போர்டில் வாழ்ந்த அப்பெரியார், இருக்கு வேதத்தைச் சாயணர் உரையோடு 1849 முதல் 1874 வரை ஆறு தொகுதிகளாகப் பதிப்பித்தார். இந்தியாவை அவர் கண்ணாற் கண்டதேயில்லை. தம் மொழியைக் கற்பிக்க வந்தோர், நம் மொழியைக் கற்றவர் பெயரையே தம் வாயிலில் பொறித்தனர்.

இவ்வுண்மை நம் நாட்டிற்கும் உரியது. நம் ஆடலும் பாடலும் கடல் கடந்து செல்க. அவற்றோடு அயலார் மொழியை உவந்து கற்கும் உள்ளமும் செல்க. செவிசாய்ப்பவன் சொல்லுக்கே உலகம் செவிசாய்க்கும்.