எந்தக் காற்றுக்கு எந்தக் கணக்கு?

நிரைநிரையாக நிற்கும் காற்றாலைகளில் முன்வரிசை யந்திரம் தன் பங்கைக் கவர்ந்துகொண்ட பிறகு, மிஞ்சிய காற்று வேகம் குன்றிக் கலங்கிப் பின்வரிசையை அடைகிறது. அந்தக் காற்று நிழல் எவ்வளவு தூரம் நீளும் என்பதைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது வாயுமண்டலத்தின் குணமே. தரையோ கடலோ சூடேறியிருந்தால் காற்று மேலும் கீழும் புரண்டு நிழலை விரைவில் கரைத்துவிடும். வசந்தகாலத்து வடகடலில், நீர் இன்னும் குளிர்ந்திருக்க அதன்மேல் வெதுவெதுப்பான நிலக்காற்று படரும் ஸ்திரமான வேளைகளிலோ, அது எளிதில் கலையாது.

இதைக் கணிக்கும் வழிகளில் மிக எளியது, டென்மார்க்கின் ரிசோ ஆய்வுக்கூடத்தில் யென்சன் 1983-இல் வகுத்த சூத்திரம். நிழல் நேர்கோட்டில் விரிகிறது என்று கொள்ளும் இதில் வாயுமண்டலம் முழுவதும், நிழல் எவ்வளவு விரைவாக விரிகிறது என்பதைக் காட்டும் ஒரே எண்ணுக்குள் ஒடுங்கிவிடுகிறது, நிலத்துக்கு 0.075, கடலுக்கு 0.04 என்று கொள்வது வழக்கம். ஜட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் 2002-இல் எழுந்த ஹார்ன்ஸ் ரெவ் தொகுதியில் விசிறியின் விட்டம் 80 மீட்டர், இடைவெளி 560 மீட்டர். யந்திரம் காற்றை எவ்வளவு தடுக்கிறது என்பதைக் காட்டும் உந்துகைக் குணகத்தை 0.8 என்று வைத்துப் பார்த்தால், அடுத்த யந்திரம் இழக்கும் வேகம் முதல் எண்ணின்படி ஏறக்குறைய 13 சதவீதம், இரண்டாவதன்படி 23. மின்சக்தியோ வேகத்தின் மும்மடியைப் பின்பற்றுவதால், எஞ்சுவது ஒன்றில் 66 சதவீதம், மற்றதில் 46! ஆகவே வருஷ உற்பத்தியை மதிப்பிட வேண்டியவர், புதுச் சூத்திரம் தேடுவதற்கு முன், அளவைக் கம்பத்தில் இரண்டு உயரங்களில் உஷ்ணமானி பொருத்தி, வாயுமண்டலம் ஸ்திரமா அல்லவா என்று அறிந்து, அந்த எண்ணைக் காலத்துக்கேற்பத் திருத்திக்கொள்வதே பிரயோஜனமானது என்பது என் அபிப்பிராயம்.

நிழலின் விளிம்பு பின்யந்திரத்தைப் பாதி மட்டும் தீண்டும் அமைப்புகளுக்கு, பஸ்தங்காவும் போர்த்தே-அஜெலும் 2014-இல் தந்த மணிவடிவ மாதிரி மேலானது. யென்சனின் நிழல் நடுவிலும் ஓரத்திலும் ஒரே செறிவுடையதாகையால் அங்கே தவறிவிடும்.

இறகுகளின் ஆயுளைப் பற்றிய கவலை வேறு ரகம். சூடேறிய பிற்பகலில் சராசரி நிழல் மெலிந்து தோன்றினாலும், பெருஞ்சுழல்கள் அதை இப்படியும் அப்படியும் இழுத்தடிப்பதால் இறகுகள் ஓயாது குலுங்கும். அதற்கு நிழலின் அலைச்சலையே கணிக்கும் மாதிரி வேண்டும்.

பெருஞ்சுழல்களையே நேராகக் கணிக்கும் முறைக்குப் பேராற்றல் கணினிகள் தேவை. உயரத்தோடு காற்றின் திசை திரும்பி நிழலைச் சாய்த்துவிடும் ஸ்திரமான இரவுகளை ஆராய அது தகும், வருஷக் கணக்குக்கு வீண் செலவு.